பொங்கலில் செருகிய ஊதுவத்தி

இந்தச் சைகோனில் வெள்ளை வேட்டி கட்டியவனிடம் யாரும் பேரம் பேசுவதில்லை. வந்த புதிதில் இதைப் பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். மற்ற நாட்களில் துறைமுகத்துச் சுங்கக் கிடங்கில் காக்கிக் கால்சட்டையும் தொப்பியுமாக நிற்பவன் நான். அந்த உடையோடு சந்தைக்குப் போனால் மீன்காரி வாய்க்கு வந்த விலையைச் சொல்லிக் கத்துவாள். எப்போதாவது தலை முழுகி, வெளுத்த வேட்டி கட்டி, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு போனால் அதே மீன்காரி குரலைத் தாழ்த்தி, நான் கேட்ட விலைக்கே மீனைச் சுற்றிக் கொடுப்பாள். பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்கும். நம்மூர் வேட்டிக்குக் கடல் தாண்டியும் மதிப்பு இருக்கிறது என்று அண்ணனுக்கு ஒரு கடிதமே எழுதினேன். அவ்வளவு அசடாக இருந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சோரியாங்குப்பம். புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரன் ஆட்சியில், பாகூர் கொம்யூனில் கடைக்கோடி. ஆற்றைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன் சீமை. தாயும் தகப்பனும் நான் விவரம் அறியும் முன்பே போய்விட்டார்கள். வளர்த்தது கோவிந்தன் அண்ணனும் அண்ணியும்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த இடத்தில் நான் இருந்தேன். அண்ணன் பெரிய சத்தக்காரர். நாலு காணி நெல்லுக்குள் நின்று அவர் மாட்டை அதட்டினால் ஏரிக்கரையில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்ட மனிதர் பொங்கலன்று மட்டும் ஒரு திருட்டு வேலை செய்வார். வாசலில் புதுச் செங்கல் அடுப்பு வைத்து, அதன்மேல் மஞ்சள் கொத்து கட்டிய பானையை ஏற்றும்போது, யாரும் பார்க்காததுபோல் மேற்குப் பக்கம் அடியில் ஒரு ஓட்டாஞ்சில்லைச் செருகிவிடுவார். பானை மயிரிழை கிழக்கே சாய்ந்து நிற்கும். பால் கிழக்கே பொங்கி வழிந்தால் அந்த வீட்டுக்கு அந்த ஆண்டு நல்லது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஊருக்கே இந்தக் கதை தெரியும்.

“இன்னா கோவிந்தா, இந்த வருசமும் கெழக்கதானா?” என்று தெருவே வந்து கேலி பேசும்.

“எங்க வூட்டுப் பானைக்கு வேற தெசை தெரியாதுபா” என்பார் அண்ணன், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

நான் கப்பலேறுவதற்கு முந்தைய பொங்கலில் கரும்பு எங்கள் பக்கம் சரியாக விளையவில்லை. அண்ணன் ஆற்றைத் தாண்டிப் போய் அந்தாண்டையிலிருந்து ஒரு கட்டுக் கரும்பைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார். எனக்குச் சைகோனில் சுங்க வேலை கிடைத்திருந்த செய்தி அதற்கு முதல் வாரம்தான் வந்திருந்தது. “நாளைக்கி நீ என்னையே புடிச்சி உள்ள தள்ளுவடா, சுங்கக்காரா” என்று கரும்பை என் தலைமேல் சாய்த்தார். சிநேகிதர்கள் எல்லோரும் அன்று எங்கள் வாசலில்தான் தின்றார்கள். அண்ணி பரிமாறிப் பரிமாறிச் சலித்துப்போய், இவனுக்கு ஒருத்தியைக் கட்டிவைத்தால் எனக்கு ஒத்தாசையாக இருக்கும் என்றார். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தபோது அண்ணனிடம் சொன்னேன்.

“மூணு வருசம் முடிஞ்சா கோன்ழே குடுப்பாங்கண்ணா. சம்பளத்தோட லீவு. அந்தப் பொங்கலுக்கு வந்துடறேன்.”

“வந்துடு. நீ இல்லன்னா சில்லு வெக்கறத மறைக்க ஆளு இல்ல” என்றார். அவருக்கு நான் போவது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லவும் இல்லை.

மூன்று ஆண்டு முடிந்தது. கோன்ழே என் பெயருக்கு வந்தது. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. எங்கள் துரை, ஆள் குறைவாக இருக்கிறது, யாராவது ஓராண்டு தள்ளிப்போட்டால் மேல்நிலைக்கு எழுதுகிறேன் என்றான். தோளில் ஒரு பட்டை கூடும். அந்தப் பட்டையோடு சோரியாங்குப்பத்து வாசலில் போய் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதை ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போலக் கப்பலேறி வந்தவர்களுக்கும் ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தப் பொங்கலுக்கு வரவில்லை, அடுத்த பொங்கலுக்குக் கட்டாயம், இங்கேயே சிநேகிதனோடு பொங்கல் வைக்கிறேன், கவலை வேண்டாம் என்று அண்ணனுக்கு எழுதிப் போட்டேன்.

சொன்னபடி வைத்தேன். அதற்குச் சில வாரம் முன்புதான் ஒரு குறுகலான சந்தில் வீடு மாறியிருந்தேன். அரியூர் கண்ணுசாமி, எனக்கு முன்பே வந்து இந்த ஊரில் பழம் தின்று கொட்டை போட்டவன், இந்த நாட்டின் உட்பகுதியில் பார்த்த வேலையிலிருந்து லீவு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். சோலோன் சந்தையில் மண்பானை கிடைத்தது. பனைவெல்லம் கிடைத்தது. அரிசி மட்டும் இந்த ஊர் அரிசி, பிசுபிசுவென்று ஒட்டும். நான் புது வேட்டி கட்டி, வெள்ளைத் துண்டை முண்டாசாகச் சுற்றி, வாசலில் அடுப்பு மூட்டினேன். பானை மேற்கே பொங்கியது. சில்லு வைக்க எனக்கு நினைவே இல்லை. “மேக்கதான்டா நம்ம ஊரு. நம்மூரு பக்கம் பொங்குது” என்று கண்ணுசாமி குதித்தான். வாழை இலையில் பொங்கலைக் கொட்டி, பக்கத்தில் விளக்கேற்றி வைத்தோம்.

எதிர்வீட்டில் பா ஹாய் என்று ஒரு கிழவி. வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்துச் சந்து முனையில் விற்பவள். அவள் என்னை முண்டாசும் வேட்டியுமாகப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், இலையில் சோற்றைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவள் மூன்று ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்தாள். விளக்கின்முன் மூன்று முறை குனிந்து கும்பிட்டாள். பிறகு அந்த ஊதுவத்திகளை, எங்கள் பொங்கலின் நடுவிலேயே செருகிவிட்டு, என் கையைப் பிடித்து என்னவோ மெதுவாகச் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவள் பாஷை பிடிபடாமல், வாய்க்கு வந்த பிரெஞ்சில் நன்றி சொல்லி, “மெர்சி, மெர்சி” என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அவள் அதிர்ந்துபோய்ப் பின்வாங்கினாள்.

அவள் வீட்டுக்குள் போகும்வரை அடக்கிக்கொண்டிருந்த கண்ணுசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். “டேய், இவங்க ஊர்ல வெள்ள துணி எழவுக்குக் கட்டறதுடா. தலைல வெள்ள கட்டினா வூட்ல சாவுன்னு அர்த்தம். உன் வூட்ல யாரோ பூட்டாங்கன்னு கும்புட்டுட்டுப் போறா!” அப்போதுதான் மீன்காரியின் மரியாதை எனக்கு விளங்கியது. இரண்டு பேரும் புரண்டு புரண்டு சிரித்தோம். ஊதுவத்தியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பொங்கலைத் தின்றோம். வாசனை ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் சிரித்தோம்.

தை முடியும் தறுவாயில் ஊரிலிருந்து கடிதம் வந்தது. பாகூர் வாத்தியார் கையெழுத்து. அண்ணன் கார்த்திகையில் காய்ச்சலில் இறந்துபோனார், காரியம் ஆயிற்று, வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை இல்லை. அவ்வளவுதான் இருந்தது. நான் நாளைத் திருப்பித் திருப்பி எண்ணினேன். நான் வேட்டி கட்டி அடுப்பு மூட்டியபோது அண்ணன் சாம்பலாகி ஆற்றோடு போய் வாரங்கள் ஆகியிருந்தன. தீட்டில் பொங்கல் வைத்துத் தின்றிருக்கிறேன். இந்தக் கண்காணாத ஊரில் என் அண்ணனுக்காக அழுதவள் ஒருத்தி இருந்தாள், அவளைப் பார்த்து நான் பல்லைக் காட்டினேன். அதைவிட எனக்கு எரிந்தது வேறொன்று. ஏன் இவ்வளவு தாமதம்? உடனே எழுதியிருந்தால் பொங்கலுக்கு முன்பே கடிதம் வந்திருக்கும். கூடப் பிறந்தவனுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லையா? கப்பலேறியவன் கணக்கில் இல்லை என்று விட்டுவிட்டார்களா? அந்தக் கோபத்தை ஓராண்டு ஊறப்போட்டு வைத்திருந்தேன்.

அடுத்த பொங்கலுக்குப் போனேன். தோளில் பட்டை இருந்தது. புதுச்சேரியில் இறங்கி, மாட்டு வண்டியில் பாகூர் ஏரிக்கரை வழியாகப் போனபோது அறுப்பு முடிந்த வயல்களில் கொக்கு நின்றது. ஊருக்குள் எல்லா வீட்டுக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். எங்கள் வீட்டில் முன்சுவருக்கு மட்டும் அடித்திருந்தது. அண்ணி என்னைக் கண்டதும் அழவில்லை. முறத்தில் பச்சரிசியைப் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தார். துக்கம் நடந்த ஆண்டு முழுக்க வீட்டில் எண்ணெய்ச்சட்டி அடுப்பில் ஏறக்கூடாது என்பது எங்கள் வழக்கம். பண்டிகை நாளில் அக்கம்பக்கத்தார்தான் வடையும் அதிரசமும் கொண்டுவந்து கொடுப்பார்கள். யார் யார் என்னென்ன கொடுத்தார்கள் என்று அண்ணி ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏன் அண்ணி, அண்ணன் போனது கார்த்திகையில. எனக்கு எழுதினது பொங்க கழிஞ்சி. நான் இன்னா மூணாம் மனுசனா?”

முறம் நிற்கவில்லை. “நீ வரலன்னு எழுதின கடுதாசி வந்தன்னிக்கி அவரு படுத்த படுக்க. வாத்தியார்தான் படிச்சாரு. எல்லாத்தயும் கேட்டுக்கினு கெடந்தாரு. ‘அங்க பொங்க வெக்கறேன்னு எழுதிக்கிறானா’ன்னாரு. ஆமான்னாரு வாத்தியாரு. ‘அப்ப எனக்கு ஒண்ணு ஆனாலும் பொங்க தாண்டி எழுதுங்க. முன்னாடியே எழுதினா வெறும் அடுப்பப் பாத்துக்கினு ஒக்காந்திருப்பான். இங்கன்னா தெருவே பலகாரம் எடுத்தாரும். அங்க அவனுக்கு யாரு இருக்கா’ன்னாரு.”

ஊறப்போட்ட கோபத்தையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. அண்ணி முறத்தைக் கீழே வைத்தார்.

“பொங்குச்சாடா?”

“பொங்குச்சி அண்ணி.”

“எந்தப் பக்கம்?”

“மேக்கால.”

“சில்லு வெக்கலியா?”

“மறந்துட்டேன்.”

அண்ணி என் தோளிலிருந்த பட்டையைப் பார்த்தார். “நீ வந்திருக்கலாம்டா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பொங்கலன்று விடியலில் அண்ணி மாடத்திலிருந்து அந்த ஓட்டாஞ்சில்லை எடுத்து வந்து என் கையில் வைத்தார். அடியெல்லாம் கரி. நான் மேற்குப் பக்கம் செருகினேன். பழைய சிநேகிதர்கள் சுற்றி நின்றார்கள். ஒருவரும் கேலி பேசவில்லை. பால் கிழக்கே வழிந்தது. “பொங்கலோ பொங்கல்” என்று முதல் குரல் கொடுக்க வேண்டியவன் நான்தான். பாதிக்குமேல் எனக்கு வரவில்லை. பெண்கள் முடித்துவைத்தார்கள். இறந்தவருக்குப் படையல் போட்டு, கூடவே அவருக்கு ஒரு புது வேட்டியும் வைப்பது எங்கள் வழக்கம். படையல் எடுத்தபின் அந்த வேட்டியை வீட்டு ஆண்பிள்ளை கட்ட வேண்டும். அண்ணி அதை என்னிடம் கொடுத்தார். லீவு முடிந்து கப்பலேறும்போது, “அடுத்த பொங்கலுக்கு வருவியா” என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்த ஆண்டுப் பொங்கல் மறுபடி சைகோனில். அண்ணன் பெயரில் படைத்த அந்த வேட்டியைத்தான் கட்டினேன். கண்ணுசாமி, சந்தில் எல்லோரும் தப்பாக நினைப்பார்கள், கலர் கைலியாவது கட்டிக்கொள் என்றான். நான் முண்டாசையும் சேர்த்துக் கட்டினேன். பானை பொங்கியது, இலை போட்டு விளக்கேற்றினேன். பா ஹாய் எதிர்வாசலில் நின்று தயங்கிக்கொண்டிருந்தாள். முன்பு நான் சிரித்த சிரிப்பு அவளுக்கு மறந்திருக்காது. நான் எழுந்துபோய், விளக்குக்கு எதிரே அவளுக்கு இடம் விட்டு நின்றேன். அவள் ஊதுவத்தி கொண்டுவந்து கும்பிட்டாள். யாருக்கு என்று கையால் கேட்டாள். இவர்கள் பாஷையில் அண்ணனை என்னவென்று சொல்வார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும், சொன்னேன். அவள் தலையசைத்து, பொங்கல் நடுவில் ஊதுவத்தியைச் செருகினாள். போனவள் திரும்பி வந்து, பொரித்த வாழைப்பழத்தை இலையில் சுற்றி, சூடாக என் கையில் வைத்தாள். காசு எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

ஊதுவத்தி எரிந்து முடியட்டும் என்று காத்திருந்தோம். சாம்பல் பொங்கல்மேல் உதிர்ந்தது. கண்ணுசாமி அந்தப் பொங்கலையும் என் கையிலிருந்த எண்ணெய்ப் பலகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ஏன்டா, இன்னைக்கி உன் வூட்ல பண்டிகையா, எழவா?”

இலையை அவன் பக்கம் நகர்த்தினேன்.

“ரெண்டும்தான். சாப்புடு.”