தாரிணி திருப்பி அனுப்பியது

என் பொண்டாட்டி தாரிணி மாதிரி ஒரு கறார் பேர்வழியை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. நான் ஹைதராபாத்ல, லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ்ல பொறந்து வளந்தவன். அவ கரூர்லேர்ந்து சாஃப்ட்வேர் வேலைக்கு இங்க வந்தவ. பகல்ல ஆபீஸ். சாயந்திரமானா லோத்குண்டா வீட்ல உக்காந்து, நூலகங்களுக்கான ஒரு இலவச மென்பொருளைப் பாத்துக்குவா. யார் வேணாலும் அதுக்கு புரோகிராம் எழுதி அனுப்பலாம். ஆனா கூடவே விளக்கக் குறிப்பும் எழுதணும்: இது எதுக்கு, எப்படிப் போடறது, கோளாறானா என்ன செய்யறது. குறிப்பு சரியில்லேன்னா தாரிணி சேக்க மாட்டா.

ரெண்டாயிரத்து ஒம்போது ஆட்குறைப்புல என் வேலை போச்சு. மாதாப்பூர்ல ஒரு கம்பெனியில வேலை கேட்டப்ப, "யார் வேணாலும் எழுதற பொது மென்பொருள்ல நீங்க எழுதினது எதாவது சேந்திருந்தா கொண்டு வாங்க, பாக்கறோம்"னாங்க. விழுந்தடிச்சு, புத்தகம் திருப்பித் தராதவங்களுக்கு ஞாபகப்படுத்தற புரோகிராம் ஒண்ணு எழுதி அனுப்பினேன். சேக்கற ஆளு வீட்லயே இருக்கா, நமக்கென்ன கவலைன்னு ஒரு மெதப்பு.

திரும்பி வந்துடுச்சு! அந்த மென்பொருள்காரங்க எல்லாரும் படிக்கற மெயில் லிஸ்ட்ல, ஊரறிய எழுதியிருந்தா: "குறிப்பில் 'வழக்கம்போல் தொடங்கவும்' என்றிருக்கிறது. புதிதாக வருபவருக்கு ஏது வழக்கம்? திருத்தி அனுப்பவும்."

சமையல்கட்டுக்குப் போய், "ஏம்மா, இதை இங்கயே சொல்லியிருக்கலாமே?"ன்னேன்.

"நக்கோ!" எங்க ஊர் பாஷையில வேண்டாங்கறதுக்கு மட்டும் நல்லாக் கத்துக்கிட்டா. "எதுன்னாலும் லிஸ்ட்ல கேளுங்க."

பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு. கட்டின புருஷன் வேலையில்லாம நிக்கறேன்! திருத்தி, பக்கத்து ரூம்லேர்ந்து மெயில் போட்டேன். கோளாறானா என்ன செய்யறதுன்னு காணோமேன்னு மறுபடி திருப்பினா. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுச் சாப்பிட்டேன். அவ பாட்டுக்கு ரசம் ஊத்தினா. மூணாவது தரம்தான் சேத்தா.

இன்டர்வியூவுல சகுந்தலான்னு ஒரு மேடம். என் புரோகிராமைப் பாத்துட்டு, "இதைச் சேத்தது யாரு?"ன்னாங்க.

"என் ஒய்ஃப், மேடம்."

அவங்க முகமே மாறிப்போச்சு. "ஓ, வீட்டுக்குள்ளயே முடிச்சுக்கிட்டீங்களா?"

போச்சு, இந்த வேலையும் போச்சுன்னு நெனச்சேன். "லிஸ்ட்டைப் பாருங்க மேடம்"னு மட்டும் சொன்னேன். பாத்தாங்க. படிக்கப் படிக்கச் சிரிப்பு. "இந்த வாங்கு வாங்கியிருக்காங்களே உங்களை! திங்கக்கிழமை வந்து சேருங்க."

வீட்டுக்கு வந்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. "இப்படிக் கேப்பாங்கன்னு தெரிஞ்சுதான் செஞ்சியா?"ன்னேன்.

அவ கண்ணும் கலங்கியிருந்தது. காபியை ஆத்திக்கிட்டே சொன்னா: "லிஸ்ட்ல கேளுங்க."