யாருடைய பசிக்குச் சாப்பிடுகிறோம்?

போன ஞாயிற்றுக்கிழமை, நல்ல மத்தியான வெயிலில், பெரியகல்லாற்றில் என் அக்கா வீட்டில் சொக்ஸ் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

சிரிக்காதீர்கள். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டேன். சொக்ஸை மட்டும் கழற்றவில்லை. கழற்றினால் வலது கால் பெருவிரலில் இருக்கும் கட்டு தெரியும். தெரிந்தால் அக்கா கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும்...

சொல்ல என்ன இருக்கிறது? சீனி வருத்தம், இரத்தத்தில் சர்க்கரை. செருப்பு கடித்து வந்த சின்னப் புண், ஆறமாட்டேன் என்கிறது. கிளினிக்கில் டொக்டர் காலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "நீங்க சாப்பாட்டைக் குறைக்கிறீங்களா, இல்லாட்டி நான் விரலைக் குறைக்கட்டா?"

பகிடிக்குக் கேட்டாரா என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாப்பாட்டைக் குறைக்கிறேன் என்று நான் கிளம்புவது இது முதல் தடவை அல்ல. ஓட்ஸ் கஞ்சி குடித்துப் பார்த்தேன். குரக்கன் புட்டுக்கு மாறினேன் — முன்பு சாப்பிட்ட அரிசிமாப் புட்டைவிட இரண்டு மடங்கு! காலையில் வாவிக்கரையில் நடந்தேன். நடந்த களைப்புக்குக் கடையில் அப்பம் சாப்பிட்டேன். சின்னச் சாப்பாட்டுக் கோப்பை ஒன்று வாங்கினேன், அதில் திரும்பத் திரும்பச் சோறு போட்டுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அலுத்துவிட்டது. சாப்பிட்டுக் களைப்பது ஒரு பக்கம். சாப்பிடாமல் இருக்கப் பாடுபட்டுக் களைப்பது இன்னொரு பக்கம். இரண்டு களைப்புக்கும் நடுவில் வயிறு மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

பெரியகல்லாறு கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் கட்டினால் ஆண்தான் மனைவி வீட்டுக்குப் போவான். நானும் அப்படித்தான் செங்கலடிக்குப் போனேன். நான் பிறந்த வளவில் இப்போது அக்காவுக்கு ஒரு வீடு, தங்கச்சிக்கு ஒரு வீடு, நடுவில் ஒரு வேலி. பிறந்த இடத்திலேயே நான் விருந்தாளி.

விருந்தாளியின் பாடு லேசானதா? ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு மற்ற வீட்டில் வெறும் தேத்தண்ணியோடு எழும்ப முடியாது. "அண்ணனுக்கு எங்களோட என்ன கோவம்?" என்ற கேள்வி நான் செங்கலடிக்குப் போய்ச் சேருமுன்னே போனில் வந்துவிடும். கோபம் இருந்தால்தானே ஒரு வீட்டில் கை நனைக்காமல் வருவோம்? ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிறு எனக்கு இரண்டு மத்தியானச் சாப்பாடு. வருசக்கணக்காக.

இந்த முறை அரைவாசிதான் சாப்பிடுவது என்று பஸ்ஸிலேயே தீர்மானித்திருந்தேன்.

"வந்திட்டியா தம்பி? என்னடா இப்பிடி இளைச்சிப் போனாய்?" என்றாள் அக்கா.

கிளினிக் தராசு வேறு கதை சொல்கிறது. அக்காவின் கண்ணுக்கு நான் எப்போதும் இளைத்தவன்தான்.

சோறு வந்தது. இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, மீன் சொதி, முருங்கையிலை வறை. ஒரு ஓரத்தில் எருமைத் தயிர்ச் சட்டி தன் முறைக்குக் காத்திருந்தது.

"என்னத்துக்கு சொக்ஸ்?"

"குளிருது அக்கா."

"இந்த வெயிலுக்குள்ளயா?"

"வயசு போகுதுதானே..."

அரைவாசியில் நிறுத்தினேன். கோப்பையைக் கையால் மூடினேன். அக்கா என் விரல் இடுக்குக்குள்ளால் சோற்றைப் போட்டாள். "போதும் அக்கா" என்றேன். "ஏன், கறி சரியில்லையா?" என்றாள். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் யாராவது எனக்கு எழுதுங்கள். நான் சாப்பிட்டேன்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அக்காவின் சோற்றை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராததற்குக் காரணம் இருக்கிறது. நான் சின்னவனாக இருந்தபோது சண்டை வந்து, ஊரை விட்டு ஓடி, ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் பல குடும்பங்களோடு இருந்தோம். நிவாரண அரிசிக் கஞ்சி ஆளுக்கு ஒரு அகப்பை. அக்கா தன் பங்கில் பாதியை என் கோப்பையில் ஊற்றிவிட்டு, "எனக்குப் பசியில்ல, நீ குடி" என்பாள். நான் நம்பினேன். நம்புவது வசதியாகவும் இருந்தது. அந்தக் கஞ்சிக்குப் பிறகு அவள் கையால் போடுவதை எப்படி மறுப்பது? ஊருக்குத் திரும்பி, வீடு கட்டி, கல்யாணம் கட்டி, தலையும் நரைத்தாயிற்று. அவள் போட்டுக்கொண்டே இருக்கிறாள், நான் தின்றுகொண்டே இருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி வேலியைக் கடந்து நண்டுக் கறிச் சட்டியோடு வந்தாள். "அக்கா, அண்ணனுக்கு எல்லாத்தையும் இங்கயே குடுத்திடாதீங்க. எங்கட வீட்டுக்கும் வயித்தில இடம் வேணும்" என்று சிரித்தபடி சட்டியைக் கீழே வைத்தாள்.

சரியாக என் பெருவிரலில்.

நான் கத்திய கத்தலில் வாசலில் நின்ற நாய் எழுந்து ஓடியது. சொக்ஸ் நனைந்து சிவந்தது. அக்கா ஒன்றும் கேட்காமல் அதை உரித்தாள். கட்டையும் அவிழ்த்தாள்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

சொன்னேன். குறைக்காவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று.

அக்கா என் கோப்பையைப் பார்த்தாள். அதில் அவள் கடைசியாகப் போட்ட சோறு கிடந்தது.

"விரல் போகப் போகுது எண்டு தெரியும். மறுகா ஏன்டா திண்டாய்?"

"நீங்க மனசு நோவீங்க எண்டுதான்..."

"விடிய வெள்ளன எழும்பி அடுப்படியில நிண்டு எண்ட முழங்கால் உளைஞ்சு கிடக்கு. நீ வாறாய் எண்டா முதல் நாளே எனக்குக் களைப்பு. குறைச்சுச் சமைச்சா நீ மனசு நோவாய் எண்டுதான் நான் இவ்வளவும் செய்யிறன்!"

தங்கச்சி சட்டியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டாள். "அக்கா ரெண்டு கறி வைச்சா நான் மூண்டு வைக்கோணும்தானே. எனக்கு மட்டும் ஆசையா?" என்றாள்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவருக்கும் வேண்டாத ஒரு விருந்தை இத்தனை வருசமாக மூன்று பேரும் சேர்ந்து நடத்தியிருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது. விரல் வலியால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். இவ்வளவு காலமும் நான் சோற்றோடு சண்டை பிடித்திருக்கிறேன். சோறு என்ன பாவம் செய்தது? அதை நான் சோறாகவே பார்க்கவில்லையே. அக்கா போட்டால் அது பாசம். தங்கச்சி போட்டால் அது மரியாதை. மிச்சம் வைத்தால் துரோகம். இவ்வளவையும் ஒரு கோப்பையில் குவித்துவிட்டு, அதில் அரைவாசியைக் குறை என்றால் எந்த மனிதனால் முடியும்?

இந்தக் கிழமை ஒரு சின்னப் பழக்கம் பழகுகிறேன். கை வைக்கும் முன்னர் ஒரு கேள்வி: இது யாருடைய பசி? புளியந்தீவில் என் கந்தோரில் பின்னேரம் தேத்தண்ணியோடு வடை வந்தது. பசி எனக்கில்லை. பைல்களைப் பார்த்துப் பார்த்து மனம் அலுத்திருந்தது, அவ்வளவுதான். வடையால் அந்த அலுப்பு தீராது என்று இத்தனை வயதில் தெரிகிறது. எழுந்து ஜன்னலடியில் கொஞ்சம் நின்றுவிட்டு வந்தேன். வீட்டில் இரண்டாம் தரம் சோற்றுக்குக் கை போனபோது, பள்ளிக்கூடக் கட்டடத்தில் கஞ்சிக்குக் கோப்பை நீட்டிய அந்தச் சின்னப் பொடியனின் பசி என்று தெரிந்தது. அவனிடம், நாளைக்கும் சோறு இருக்குமடா என்று சொன்னேன். பாதி நம்பினான்.

எல்லா நாளும் வெல்லவில்லை. நேற்று வடை சாப்பிட்டேன். ஒன்றுதான்... நம்புங்கள்.

அந்த ஞாயிறு பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. காலைக் கழுவிப் புதுக் கட்டுப் போட்ட பிறகு, அக்காவின் கை பழக்க தோசத்தில் தயிர்ச் சட்டியை என் பக்கம் தள்ளியது.

"எனக்குப் பசியில்ல அக்கா" என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "மெய்யாத்தானா?"

"மெய்தான்."

"அப்பச் சரி." கொஞ்சம் பொறுத்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் அண்டைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில சொன்னது பொய்டா தம்பி. நல்லாப் பசிச்சது."

அப்போதுதான் கவனித்தேன், வெயில் சாயத் தொடங்கிவிட்டது, சமைத்தவள் இன்னும் சாப்பிடவில்லை. ஒரு கோப்பையைக் கழுவி எடுத்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவுக்கு நான் சோறு போட்டேன்.

"போதும்" என்றாள். நிறுத்திவிட்டேன்.