மூன்று சுற்று டேப்

டங், டங் என்று பக்கத்து அறையில் கரண்டி டம்ளரைத் தட்டியது.

ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் இங்கே வா. மூன்று தட்டினால் கோபம் வந்துவிட்டது என்று அர்த்தம். அவள் கையில் வளைந்த கத்தி. மேஜையோரத்து இடுக்கியில் ஒரு கோல்ஃப் மட்டை. அதன் கைப்பிடியில் இருந்த பழைய ரப்பர் கிரிப்பைப் பாதி கிழித்திருந்தாள். மீன் வயிற்றைக் கிழிப்பதுபோல ஒரே இழுப்பாக இழுக்க வேண்டிய வேலை அது. நடுவில் நிறுத்தினால் கத்தி நம் கையையே பதம் பார்த்துவிடும்.

"கையில கத்தி இருக்குங்க! ஒரு நிமிஷம்!"

டங், டங், டங்.

போனாள். கணவர் கட்டிலில் தலையணைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போல மடியில் கிடந்தது.

"காது செத்துப்போச்சா உனக்கு? மேனேஜர் வர்ற நேரம். இந்தச் சட்டையில என்னைப் பார்த்தா என்ன நினைப்பான்? நீலச் சட்டையை எடு."

"காலையிலதானே இதை மாத்தினேன்."

"இது படுத்திருக்கிறவன் சட்டை. அது வேலை பார்க்கிறவன் சட்டை. எடுடி."

எடுத்தாள். செத்த கையை முதலில் நுழைத்து, பிறகு முதுகைத் தூக்கி, உயிருள்ள கையை நுழைத்து, பொத்தான்களைப் போட்டு முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. மனிதர் ஒல்லிதான். ஆனாலும் நகராத உடம்புக்கு ஒரு தனி எடை உண்டு. அதைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் குடியிருப்பில் அவளுக்கென்று ஒரு பெயர் கிடையாது. 'கிரிப்புக்காரர் வீட்டம்மா' என்றால் கீழ்க்கடைக்காரர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். கிரிப்புக்காரர் இருபத்திரண்டு வருஷமாகக் கோல்ஃப் கிளப்புக்கு வேலை செய்தவர். எத்தனை விலை கொடுத்து மட்டை வாங்கினாலும், கையும் மட்டையும் சேருகிற இடம் அந்த ஒரு சாண் ரப்பர்தான் என்பார். அது ஒல்லியாக இருந்தால் விரல் நுனி உள்ளங்கையில் குத்தும், பந்து இடது பக்கம் ஓடும். தடியாக இருந்தால் மணிக்கட்டு மடங்காது, பந்து வலது பக்கம் போகும். "கல்யாணம் மாதிரிதான் தம்பி. ரொம்ப இறுக்கவும் கூடாது, கைநழுவவும் விடக்கூடாது" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவர்களும் சிரிப்பார்கள். அவள் மட்டும் தேநீர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு காலைப் பொழுதில், இதே மேஜைமுன் நின்றபடியே அவர் சரிந்தார். வலது பக்கம் முழுவதும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவந்தபோது வீட்டில் பதினான்கு மட்டைகள் காத்துக்கிடந்தன.

"நான் சொல்றேன், நீ போடு. வெளிய மட்டும் மூச்சு விடாதே. கிரிப்புக்காரன் படுத்துட்டான்னு தெரிஞ்சா ஒருத்தன் வரமாட்டான்."

போட்டாள். முதல் இரண்டு ரப்பர்களைப் பாழாக்கினாள். மூன்றாவது உட்கார்ந்தது. வர வேண்டாம் என்று அவர் போனில் சொல்லிவிட, கிளப்காரர்கள் மாடி ஏறி வருவதை நிறுத்தி, தங்கள் இடது கையைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்து, மட்டையோடு அனுப்பத் தொடங்கினார்கள். அவர் ஸ்கேலை வைத்துப் பார்த்து, "ஸ்டாண்டர்டு, பெருசு, ஸ்டாண்டர்டு" என்று அடுக்குவார். அவள் அந்தக் காகிதங்களை ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்ப்பாள். விரல் முட்டியில் பென்சில் தடுக்கி இரண்டு தடவை சுற்றிவந்திருக்கும்: இந்த மனிதருக்கு மூட்டு வீக்கம். கட்டைவிரல் பக்கம் கோடு நடுங்கியிருக்கும்: பிடிக்கும்போது வலிக்கும். அவள் ரப்பருக்கு அடியில் ஒரு சுற்று ஒட்டு டேப் கூட்டுவாள், இல்லை குறைப்பாள். ஒரு மட்டைகூடத் திரும்பி வரவில்லை.

"நீங்க சொன்ன மாதிரியே போட்டேங்க" என்பாள்.

அந்த ஒரு பொய்யில்தான் அந்த வீடு இரண்டு வருஷம் நின்றது.

முந்தாநாள் கிளப் கடையின் மேனேஜர் போன் செய்தார். கிளப்பிலேயே கிரிப் போடுவதற்கு ஒரு அறை கட்டிவிட்டார்கள். பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே புல். கையை நேரில் பார்த்து அளவெடுத்து, அங்கேயே போட்டுக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். இனி வீட்டுக்கு மட்டை அனுப்புவது கிடையாது.

"அண்ணன் படுத்துட்டார்னு இப்பத்தான் கேள்விப்பட்டேன், வர முடியுமான்னு தெரியல. நேர்ல வந்து பேசறேன் அண்ணி."

போனை வைத்ததிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வேலை தனக்குத்தான். தன் கைக்குத்தான். அந்தப் புல்லை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் கண்ணை மூடினால் தெரிந்தது. மூன்று மாடி, அறுபத்தாறு படி, அரை மணிக்குள் கீழ்க்கடைக்குப் போய்த் திரும்பி வரும் ஓட்டம்: ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனதை விட்டால், இரண்டு வருஷமாக அவள் கண்ட வெளியுலகம் அவ்வளவுதான். ஆனால் எப்படிக் கேட்பது? நான்தான் போட்டேன் என்று வாயைத் திறந்தால், கட்டிலில் இருக்கிற மனிதரிடம் மிச்சமிருக்கிற ஒரே பெருமையைப் பிடுங்கியதாகும். சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம்.

மேனேஜர் வந்தார். நாற்பது வயதிருக்கும். அறுபத்தாறு படியில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னண்ணே, லிஃப்ட் இல்லாத வீட்டுல இருந்துக்கிட்டு ஆளைக் கொல்றீங்களே?"

"அதான் நான் இறங்கறதே இல்ல" என்றார் கிரிப்புக்காரர். இருவரும் சிரித்தார்கள்.

அவள் தேநீர் கொடுத்தாள். மேனேஜர் டம்ளரை இடது கையில் வாங்கினார். மூன்று விரல்கள்தான் டம்ளரைப் பிடித்தன. மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்காமல், விருந்துக்கு வந்த சீமாட்டியின் விரல்கள்போல எட்டி நின்றன. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கிளப் கமிட்டியில ஆயிரம் பேசறாங்கண்ணே" என்றார் மேனேஜர். "நான் ஒண்ணே ஒண்ணு சொன்னேன். என் மட்டைக்கே ஒண்ணு போட்டு வாங்கிட்டு வரேன், பிடிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்கன்னு. இந்தாங்க மட்டை, இந்தாங்க கை."

கிரிப்புக்காரரின் முகத்தில் ரத்தம் ஏறியது. "டேப்பை எடுத்து வை" என்றார் மனைவியிடம். அவள் அளவு டேப்பின் ஒரு முனையை மேனேஜரின் மணிக்கட்டு ரேகையில் வைத்து, நடுவிரல் நுனிவரை இழுத்தாள்.

"ஏழரை இஞ்ச்" என்றாள்.

"ஸ்டாண்டர்டு. உன் கை வேர்க்காத கை தம்பி, அந்தக் காலத்துல கை குலுக்கினப்பவே பார்த்தேன். நூல் கலந்தது வேண்டாம், மெத்துன்னு இருக்கிற ரப்பர் போடு. முடிஞ்சுது."

ரகம் சரி. அளவு தப்பு. ஏழரை இஞ்ச் கைதான், ஆனால் மடங்காத இரண்டு விரல்கள் ஸ்டாண்டர்டு கிரிப்பைத் தொடவே தொடாது. இரண்டு விரல் தொடாமல் மட்டையைப் பிடித்தால் அது கைக்குள் உருளும். முதல் பந்திலேயே மேனேஜருக்குத் தெரிந்துவிடும்.

"ஏங்க, அந்த ரெண்டு விரல்..." என்று ஆரம்பித்தாள்.

"எந்த விரல்? நான் சொன்னதைப் போடு. தம்பி, இவளுக்கு எல்லாத்துலயும் ஒரு 'ஏங்க' உண்டு."

அவள் மட்டையை எடுத்துக்கொண்டு வேலை மேஜைக்கு வந்தாள். பழைய கிரிப்பை அறுத்து எடுத்தாள். அடியிலிருந்த காய்ந்த பசையைச் சுரண்டினாள். அவர் சொன்னபடி போட்டால் வேலை போகும். தான் நினைத்தபடி போட்டால் வேலை கிடைக்கலாம், அவர் மானம் போகும். கை அந்தரத்தில் நின்றது. பக்கத்து அறையில் அவர் ஏதோ பழைய கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளாயிற்று அவர் இப்படிச் சிரித்து!

அவள் மனம் முடிவெடுக்கவில்லை. கை எடுத்தது. சுண்டுவிரலும் மோதிர விரலும் அமர்கிற மேல்பாதியில் மூன்று சுற்று டேப்பைச் சுற்றினாள். அதன்மேல் இருபக்கம் ஒட்டும் டேப். ரப்பரின் அடித்துளையை விரலால் அடைத்து, உள்ளே பசையை இளக்குகிற திரவத்தை ஊற்றி, குலுக்கி, மட்டையின்மேல் கொட்டி, ஒரே மூச்சில் ரப்பரைச் செலுத்தினாள். இதில் தயங்க முடியாது. பாதியில் நின்றால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், மேலேயும் போகாது, கீழேயும் வராது. அந்த நிலைமை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இப்ப வீசக் கூடாது தம்பி, காயணும். பிடிச்சு மட்டும் பாருங்க" என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

மேனேஜர் வேலை மேஜை இருந்த வாசல் பக்கத்து அறைக்கு எழுந்து வந்து பிடித்தார். அவர் முகம் மாறியது. மடங்காத இரண்டு விரல்களைப் பார்த்தார். அவை ரப்பரின்மேல் படிந்திருந்தன.

"சின்ன வயசுல கார் கதவுல நசுங்கின விரல் அண்ணி. இதுவரைக்கும் எந்த மட்டையிலயும் இது ரெண்டும் உட்கார்ந்ததில்ல." குரல் தாழ்ந்தது. "அண்ணன் இந்த விரலைப் பார்க்கவே இல்லையே?"

"என்னப்பா அங்க குசுகுசுன்னு?" கட்டிலிலிருந்து குரல் வந்தது. "இங்க கொண்டா. நான் பார்க்காம என் வீட்டுல இருந்து ஒரு மட்டை வெளிய போனதில்ல."

மேனேஜர் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் நிலைப்படியில் நின்றாள். கிரிப்புக்காரர் இடது கையால் மட்டையைப் பற்றினார். கட்டைவிரல் அடியிலிருந்து மேலே ஊர்ந்தது. மேல்பாதிக்கு வந்ததும் நின்றது. மறுபடி கீழே போய், மறுபடி மேலே வந்து, அதே இடத்தில் நின்றது. அழுத்தியது.

இருபத்திரண்டு வருஷத்துக் கை. மூன்று சுற்று டேப் அதற்குத் தெரியாமல் போகுமா?

நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அதிர்ச்சி இல்லை. கோபம்கூட இல்லை. ரொம்ப நாளாகத் தெரிந்த ஒன்றைப் பார்க்கிற பார்வை.

"ம்" என்றார். "நான் சொன்ன மாதிரியே போட்டிருக்கா. ஸ்டாண்டர்டு."

ஒவ்வொரு மட்டையையும், முடிந்ததும் கொண்டுவரச் சொல்லி இப்படித்தான் தடவிப் பார்ப்பார். இரண்டு வருஷம்! ஆகவே முதல் மட்டையிலிருந்தே தெரியும். அவர் தாங்கமாட்டார், உடைந்துபோவார் என்று அவள் விழுங்கிய ஒவ்வொரு வார்த்தையும் வீண். அவள் பொய்யை அவர் நம்பியதே இல்லை. அதற்குள் சாய்ந்து சுகமாக உட்கார்ந்திருந்தார்.

"அப்ப கமிட்டிக்குச் சொல்லிடு தம்பி. நான் வரேன். இவ சக்கர நாற்காலியில தள்ளிக்கிட்டு வரட்டும். நான் முன்னால உட்கார்ந்து அளவு சொல்றேன், இவ பின்னால போடட்டும்."

"அண்ணே, ஒரு ஆளுக்குத்தான் இடம். அளவெடுக்கிற கையும் போடற கையும் ஒண்ணா இருக்கணும்கறாங்க." மேனேஜர் தரையைப் பார்த்தார். "அறுபத்தாறு படி எப்படிண்ணே..."

"ஓ" என்றார் கிரிப்புக்காரர். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மேனேஜர் மட்டையை உறையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். செருப்பை மாட்டியபடியே கேட்டார்: "அண்ணி, ஒரே ஒரு தடவை கேக்கறேன். இதை அளந்தது யாரு?"

கணவருக்குத் தெரியாமலிருந்தால் இன்றைக்கும் அவள் விழுங்கியிருப்பாள்.

"நான்தான் தம்பி." அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "ரெண்டு வருஷமா நான்தான். அளவும் நான், டேப்பும் நான்."



"எனக்குச் சந்தேகம் இருந்துது!" மேனேஜரின் முகம் மலர்ந்தது. "அப்ப திங்கக்கிழமை வந்துடுங்க அண்ணி. ஒன்பது மணி. அஞ்சு மணிக்கு விட்டுடுவோம்."

ஒன்பது மணி. அவளை ஒரு நேரம் சொல்லி ஓர் இடத்துக்கு யாராவது அழைத்து எத்தனை காலம்!

"நடுவுல ரெண்டு மணிக்கொரு தடவை வந்துட்டுப் போகலாமா தம்பி? அவரைப் புரட்டிப் படுக்கவைக்கணும். இல்லேன்னா முதுகுல புண்ணு வந்துடும்."

"பஸ்லயே ஒரு மணி நேரம் ஆகுமே. ஒரு ஆளை வெச்சுக்கலாமே அண்ணி?"

"வெச்சோம். போன வருஷம் ஒரு பொண்ணு வந்தா. அவர் அவளைத் தன்மேல கை வைக்க விடல. நான் ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போயிட்டு சாயங்காலம் வர்ற வரைக்கும் ஈரத்துணியோடயே கிடந்தார். அவர் விட்டார்னா வருவேன் தம்பி. அவர் ஒரு வார்த்தை, 'ஆளை வை'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அவள் உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. காத்திருந்தாள். மேனேஜரும் புரிந்துகொண்டு காத்திருந்தார். கீழே எங்கோ ஒரு ஸ்கூட்டர் கிளம்பி, தெருமுனை திரும்பி, ஓய்ந்தது.

"இன்னும் என்ன அங்க பேச்சு?" உள்ளிருந்து குரல் வந்தது. "கதவைச் சாத்து. கொசு வருது."

மேனேஜர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கைப்பிடிச் சுவரைப் பார்த்தார்.

"வேற ஆளைப் பாருங்க தம்பி" என்றாள் அவள். "ஸ்கேலை மட்டும் நம்பாம, கையைப் பார்க்கிற ஆளாப் பாருங்க."

"வரேன் அண்ணி."

அவர் இறங்கினார். முதல் மாடியின் கடைசிப் படிவரை அவள் காதால் கூடவே போனாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.