மரகதம் டீச்சரும் மகனின் கம்பியூட்டரும்

பெல்மதுளையில் பஸ் மாறுவதற்காக நின்றுகொண்டிருந்தபோது எங்கள் பாடசாலை அதிபர் அழைத்தார். வலயக் கல்வி அலுவலகத்தில் ஒரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். "டீச்சர், கூட்டத்துக்குப் போக வேணாம். திரும்பி வாங்க" என்றார். ஏன் என்று சொல்லாமலே வைத்துவிட்டார். தொலைபேசியில் பிள்ளைகளின் இரைச்சல் இல்லை. பாடசாலை நேரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து இப்படி ஓசையில்லாமல் ஓர் அழைப்பு வந்ததில்லை. மரகதம் டீச்சர் காலையில் குவார்ட்டர்ஸ் வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவர், நிமிரவில்லை. இதை எனக்குச் சொன்னவர் றக்வானைக்கு ஏறும் பஸ்ஸின் கொண்டக்டர். அவரும் டீச்சரிடம் படித்தவர்தான். என்னிடம் டிக்கட்டுக்குக் காசு வாங்காமல் முன்னால் போய்விட்டார்.

இதைப் படிப்பவர்களில் பலர் அவரிடம் சிங்களம் படித்தவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிப்பித்தவர் மரகதம் டீச்சர். கணவர் இளவயதிலேயே இறந்துவிட்டார். ஒரே மகன், சுரேன். எனக்கு அவர் மூத்த சக ஆசிரியை. வகுப்புக்கு வெளியே அக்கா.

வாய் திறக்கப் பயப்படும் பிள்ளைகளை அவர் அடித்ததில்லை. "வாயில இருக்கிறதுதானே, துப்பிரு. பிழையா இருந்தா நான் தொடைச்சிக்கிறேன்" என்பார். தோட்டத்தில் யாருக்கு நகரத்தில் காரியம் இருந்தாலும், ஆஸ்பத்திரியோ அரசாங்கக் கச்சேரியோ, டீச்சரை முன்னால் நடக்கவிட்டுத்தான் போவார்கள். ஒருமுறை இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் ஒரு தாதி அவர் பேச்சைக் கேட்டுவிட்டு எந்தச் சிங்களக் கிராமத்து அம்மா என்று விசாரித்தாள். "றக்வானை லயத்துல பொறந்த அம்மா" என்று சிங்களத்திலேயே சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "பாத்தியா புஷ்பா, நம்பல" என்று சிரித்தார்.

மகனைப் பற்றி எழுத வேண்டாம் என்று பாடசாலையில் சிலர் அன்பாகத்தான் சொன்னார்கள். அவனை விட்டுவிட்டு டீச்சரைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. சுரேன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தான். யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். தங்கியிருந்த லொட்ஜில் ஒரு விடியற்காலை படையினர் அடையாள அட்டைகளைப் பார்த்துத் தமிழ்ப் பெடியன்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் சில நாட்களில் திரும்பினார்கள். இவன் திரும்பவில்லை. ஏன் என்று இன்றுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வழக்கு என்று ஒன்று இருந்தது. அது தவணை மாறிக்கொண்டே இருந்தது.

தடுப்பு முகாமில் மாதம் ஒருமுறை பார்க்க விட்டார்கள். உறவுக்காரி என்று என் பெயரையும் அக்கா பதிந்திருந்தார், அதனால் நானும் கூடப் போவேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நாங்கள், பக்கத்தில் ஒரு காவலாளி. பேசுவது காவலாளிக்கு விளங்க வேண்டும், ஆகவே சிங்களத்தில்தான் பேச வேண்டும் என்பது அங்கே விதி. மற்றத் தாய்மார் மொழி தெரியாமல் அழுதுவிட்டுப் போனார்கள். எங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் முதல் தடவை உள்ளே போனோம்.

அக்கா அவனை வீட்டில் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். அன்று சிங்களத்தில் மகனே என்று, "புதா" என்றார். அவன் நிமிர்ந்து பார்த்தான். சாப்பிட்டாயா என்றார், தூக்கம் வருகிறதா என்றார், எல்லாம் இலக்கணச் சுத்தமான சிங்களம். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா சொன்னார்: "வாழ்நாள் பூரா அந்த பாஷைய படிச்சுக் குடுத்தேன் புஷ்பா. எம் புள்ளகிட்ட பேசினா யாரோ ஒரு மிஸ் வந்து விசாரிக்கிற மாதிரி இருக்கு."

கம்பியூட்டர் பேச்சு அடுத்த சந்திப்பில் தற்செயலாக வந்தது. வேலைக்குப் போன முதல் வருடத்தில் சுரேன் யாரிடமோ வாங்கிய பழைய டெஸ்க்டொப் அது. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தால் அதில் கார் ரேஸ் விளையாடுவான். மலைப்பாதை வந்தால் படம் சிக்கிச் சிக்கி நிற்கும். அவன் மேசையைத் தட்டுவான், அக்கா திட்டுவார். பேச ஒன்றுமில்லாமல் போன ஒரு கணத்தில் அக்கா, "உன் கம்பியூட்டரைத் தூசு தட்டி வைத்தேன்" என்றார். அவன் முகம் மாறியது. ரேம் கூட்டினால் நன்றாக ஓடும் என்றான். ரேம் என்றால் என்ன என்று இவர் கேட்க, அவன் விளக்கத் தொடங்கினான். மதர்போர்ட், ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்ட். காவலாளி கொட்டாவி விட்டார். நேரம் முடிந்தது என்று சொன்னபோது அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

"ரேம்னா எந்த பாஷையிலயும் ரேம்தான்" என்றார் அக்கா வெளியே வந்ததும். அன்றைக்குத்தான் வீட்டில் பேசுகிற மாதிரி பேசினோம் என்றார்.

அப்படித்தான் சிங்களம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியை, நரைத்த கொண்டையும் கைத்தறிச் சேலையுமாக, இரத்தினபுரியில் ரிஸ்வான் என்பவரின் கம்பியூட்டர் கடைக்குப் போய் வரத் தொடங்கினார்.

"டீச்சர், இந்த வயசுல ரேஸ் ஓடப் போறீங்களா?" என்று ரிஸ்வான் கேட்டார்.

"ஏன், லைசன்ஸ் பாத்துட்டுத்தான் சாமான் குடுப்பீங்களோ?"

"அதுக்கில்ல டீச்சர். பெட்டியக் கொண்டு வாங்க, எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டுத் தாறேன். ஒவ்வொண்ணா வாங்கிக்கிட்டு மலையேறி எறங்குறீங்களே."

"எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டுட்டா, அடுத்த மாசம் நான் எம் புள்ளகிட்ட என்னத்த சொல்றது?"

மகன் விஷயம் ரிஸ்வானுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் அப்படிக் கேட்டதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு சாமான்தான் கொடுப்பார். அதைப் பற்றி அவனிடம் சொல்வதற்கு வேண்டியதை நிதானமாக விளக்கி அனுப்புவார்.

ஒரு மாதம் ரேம். ஒரு மாதம் புதிய மின்விசிறி. ஒரு மாதம் பவர் சப்ளை. அந்தி நேரத்தில் பெக்டரியில் மெஷின் போட்டால் எங்கள் பக்கம் பல்ப் மங்கும், கம்பியூட்டர் தானாக நின்றுவிடும். அதற்காக ஒரு ஸ்டெபிலைசர். ஒவ்வொன்றும் போட்ட பிறகு படம் எப்படி ஓடுகிறது என்று மகனுக்குச் சொல்ல வேண்டும், ஆகவே அக்காவே ரேஸ் ஓட்ட வேண்டியிருந்தது. முதல் நாள் நான் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் காரை நிறுத்தினார்.

"ஹோன் எந்த பட்டன் புஷ்பா?"

"ரேஸ் காருக்கு ஹோன் இல்ல அக்கா."

"ஹோன் அடிக்காம எப்பிடி வளைவுல போறது? எதிர்ல பஸ் வந்தா?"

பஸ் வராது என்று நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. றக்வானை ரோட்டில் ஏறி இறங்கியவர்களுக்கு அது விளங்கும். எல்லாக் காரும் முன்னால் போய் முடிந்து, திரையில் அவர் கார் மட்டும் மெதுவாக மலை இறங்கியது. அடுத்த சந்திப்பில் இதைக் கேட்டுச் சுரேன் சிரித்த சிரிப்பில், காவலாளி வந்து என்னவென்று கேட்டார். அக்கா அவருக்கும் சொன்னார். அவரும் சிரித்தார்.

மிச்சமிருந்தது கிராபிக்ஸ் கார்ட். அதுதான் முக்கியம், அது போட்டால் மலைப்பாதையில் படம் நிற்காது என்று சுரேன் முதலிலிருந்தே சொல்லி வந்தான். அக்கா அதைக் கடைசிக்கு வைத்திருந்தார், அடுத்து அதைத்தான் வாங்கப் போவதாக அவனிடமும் சொல்லியிருந்தார். ரிஸ்வான் இவர் சொன்ன அடையாளத்தை வைத்து ஒன்றைத் தந்தார். வீட்டில் பெட்டியைத் திறந்து நாங்கள் இருவரும் எவ்வளவு பார்த்தும் அது உள்ளே இறங்கவில்லை. அமுக்கினால் உடைந்துவிடும் போலிருந்தது. "கடையில குடுத்து மாத்துவோம் அக்கா" என்றேன். "இருக்கட்டும். அவன் பாத்தா சொல்லிருவான்" என்றார். அவனிடம் விவரித்துக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

முகாம் வாசலில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். அன்று ரொட்டி, சம்பல், சவர்க்காரம் ஆகியவற்றோடு ஒரு கைலேஞ்சித் துணியில் சுற்றிய அந்தக் கார்டும் மேசையில் விழுந்தது. பச்சைத் தகடு, செப்புக் கோடுகள், சின்னச் சின்ன உருளைகள். சோதனை செய்த பெண் கையை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். யுத்த காலத்தில், அந்த வாசலில், அதைப் பார்த்தால் குண்டுச் சாமான் என்றல்லாமல் வேறு என்ன நினைப்பார்கள்?

"ஏன் அக்கா?" என்றேன்.

"சும்மா இருக்கிறான்ல. இத ஒருக்கா கையில வாங்கிப் பாத்தான்னா, ஒரு வேல செஞ்ச மாதிரி இருக்குமேன்னு" என்றார். அப்போதும் அவருக்குப் பயம் வரவில்லை. விளக்கினால் விளங்கிவிடும் என்று இருந்தார்.

விளக்கினார். அவர் பேசப் பேச, அங்கே வந்த அதிகாரியின் முகம் இறுகியது. தோட்டத்துத் தமிழ்ப் பெண் ஒருத்திக்கு இவ்வளவு நல்ல சிங்களம் யார் சொல்லிக் கொடுத்தது, எதற்காகப் படித்தாய் என்று கேட்டார். எத்தனையோ பேரை வாசல் வாசலாகக் கூட்டிப் போய்க் காப்பாற்றிய மொழி, அன்றைக்கு அவருக்கே எதிராக நின்றது. கொஞ்சம் தட்டுத் தடுமாறிப் பேசுங்கள் அக்கா என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. என்னை வெளியே ஒரு மர வாங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். கதவு மூடியது. பிற்பகல் வரை திறக்கவில்லை.

வெளியே வந்தபோது அவர் நடை மாறியிருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். பிறகு, "நான் சொன்னதா அவரே எழுதினாரு. நெறைய பிழை. திருத்தாம கையெழுத்து போட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "தம்பிக்கு ஏதும் செஞ்சிருவாங்களோ?" என்று கேட்டார்.

சந்திப்பை நிறுத்தினார்கள். கார்டைத் திருப்பித் தரவில்லை. அது வழக்கில் சேரவில்லை என்று சுரேனின் சட்டத்தரணி பலமுறை சொன்னார். அக்கா நம்பவில்லை. ஒவ்வொரு தவணை தள்ளிப்போகும்போதும் "என் கார்டுதான்" என்பார். கம்பியூட்டரை ஒரு பழைய சேலையால் மூடி வைத்தார். வகுப்பில் பிள்ளைகள் பிழையாகப் பேசினாலும் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசி வருடம் அவரிடம் படித்த பிள்ளைகளே, உங்கள் டீச்சர் ஏன் அப்படி ஆனார் என்று என்னிடம் வந்து கேட்டீர்கள். அன்றைக்கு நான் சொல்லவில்லை. இதுதான் காரணம்.

யுத்தம் முடிந்து சில வாரங்களில் திரும்பப் பார்க்க விட்டார்கள். சுரேன் மெலிந்திருந்தான். உட்கார்ந்ததும், கார்ட் சரியாக இறங்கியதா என்று கேட்டான். வாசலில் நடந்தது அவனுக்குத் தெரியாது. அக்கா காவலாளியைப் பார்த்தார். "என்ன கார்ட்?" என்றார். அவன் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவனும் அந்தப் பேச்சை விட்டான். எங்கள் ஊரில் மழை பெய்கிறது, ஆறு நிறைந்து ஓடுகிறது, பாடசாலைத் தோட்டத்தில் பூக்கள் பூத்திருக்கின்றன என்றார் அக்கா. ஆறாம் வகுப்புச் சிங்களப் பாடத்தில் வரும் வாக்கியங்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். ஆம் அம்மா, நல்லது அம்மா என்றான் அவன். மீதி நேரம் இருவரும் வலையில் விரல்களை வைத்துக்கொண்டு இருந்தார்கள். அதுவே கடைசிச் சந்திப்பு.

சாவுக்கு மகனை அனுப்பக் கேட்டோம். அதிபரும் ரிஸ்வானும் போகாத இடமில்லை. தோட்டத்தில் அன்று யாரும் வேலைக்கு இறங்கவில்லை. பறை அடித்தவர்கள் கை ஓய்ந்து, பிறகு திரும்ப அடித்து, மழையும் வந்துவிட்டது. இருட்டுவதற்குள் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். டீச்சரின் அண்ணன் மகன்தான் கொள்ளிச் சட்டி தூக்கினான். வர அனுமதி இல்லை என்ற பதிலும் அதற்குப் பிறகுதான் வந்தது.

குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால் கம்பியூட்டர் இப்போது என் வீட்டில் இருக்கிறது. கருமாதி முடிந்த பிறகு நான் தனியாக முகாமுக்குப் போனேன். அவனுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். அன்று நின்ற காவலாளி, அக்கா வளைவில் ஹோன் தேடிய கதையைக் கேட்டுச் சிரித்தவர். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்து, இன்றைக்குத் தமிழில் பேசுங்கள், பரவாயில்லை என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.

தமிழில் பேசலாம் என்றதும் இருவருக்கும் வாய் வரவில்லை. "டீச்சர், அம்மா ஏதும் சொன்னாங்களா?" என்று கேட்டான். சொல்ல நேரம் இருக்கவில்லை தம்பி என்றேன். அழுதான். அவன் அழுது முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. நேரம் முடியப் போகிறது என்று தெரிந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த கார்ட் எறங்கிச்சா?" என்றான். இறங்கவில்லை என்றேன். "ஏன் எறங்கல?"

"தெரியல தம்பி."

"உள்ள கார்ட் செருகுற ஸ்லாட்டு என்ன கலர்? வெள்ளையா, கபிலமா?"

நான் பார்த்திருக்கவில்லை.

"அடுத்த மாசம் பாத்துட்டு வந்து சொல்லுங்க டீச்சர். அத வச்சி என்ன கார்ட் வாங்கணும்னு நான் சொல்றேன்."

நேற்று அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எல்லாம் வெள்ளை. மரகதம் அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான்: அவர் மகனிடம் போய்ச் சொல்ல ஒரு விஷயம். இந்த மாதத்துக்கு இது போதும்.