திரான்சிக்குப் போனவன்

விடுப்புக் கேட்பது, அதாவது ஊர்வம்பு விசாரிப்பது, எனக்குப் பிறவிக்குணம். யார் வீட்டில் என்ன கறி என்பதிலிருந்து யாருக்கு விசா கிடைத்தது என்பதுவரை தெரியாவிட்டால் எனக்குச் சோறு செமிக்காது. அப்படிப்பட்ட நானே, ஒரே அறையில் படுத்தவனுக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று தெரியாமல் ஒரு மாரிகாலம் முழுவதும் திண்டாடியிருக்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பிரெஞ்சுத் தலைநகரில், தமிழர் கூடும் லாச்சப்பலை அடுத்த மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஐந்தாம் மாடியில் ஓர் அறை. நாங்கள் நாலு பேர். எல்லாரும் யாழ்ப்பாணம், எல்லாரும் உணவகங்களின் நிலக்கீழ் குசினிகளில் கோப்பை கழுவுகிறவர்கள். எங்களில் ஒருவன் பெரிய பகிடிக்காரன். மெத்ரோவில் டிக்கெட் பரிசோதிக்கிறவர் மாதிரி அவன் நடித்துக் காட்டினால் வயிறு நோகச் சிரிப்போம்.

கார்த்திகை முடிய அவன் பகிடியை விட்டான். பிறகு குளிப்பதை விட்டான். மார்கழியில் வேலைக்குப் போவதையும் விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. பஞ்சி பிடித்த சோம்பேறி என்று ஏசினோம். காதல் தோல்வியோ என்று சந்தேகப்பட்டு அவனுக்கு வந்த கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். வெட்கக்கேடுதான், ஆனாலும் பார்த்தேன். எல்லாம் ஊரில் தங்கச்சிக்கு நடக்கும் கலியாணப் பேச்சைப் பற்றித்தான்.

ஒருநாள் அவன் காரணமே இல்லாமல் அழுதான். அறையில் மூத்தவரான அண்ணை என்னைப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"உது விசர், பைத்தியம். வெளியிலை ஒரு சொல்லுப் போகக்கூடாது. மாப்பிள்ளையின்ரை சித்தப்பா இஞ்சை பக்கத்திலை, கார்ஜ் எண்ட ஊரிலை இருக்கிறார். அந்தாள் அறிஞ்சால், விசர்க் குடும்பம் எண்டு கலியாணத்தைக் குழப்பிப்போடுவினம். பெட்டையின்ரை வாழ்க்கை."

"டொக்டரிட்டைக் காட்டுவமே, அண்ணை?"

"உனக்கும் விசரோ? லாச்சப்பல் முழுக்கத் தெரிஞ்சிடும்."

அவன் படுக்கைக்குக் குறுக்கே கயிறு கட்டிப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டோம். குளிருக்கென்று யன்னலுக்கு ஏற்கெனவே மட்டை அடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வந்து, "எங்கை பகிடிக்காரன்?" என்று கேட்பார்கள். "திரான்சிக்குப் போட்டான், அங்கை வேலை" என்று மூன்று பேரும் ஒரு புறநகரைச் சாட்டிச் சொல்லுவோம். நானோ என்ன வேலை, முதலாளி எப்படி என்பதுவரை கண் மூக்கு வைத்துச் சொல்லுவேன். எனக்கு அதில் நல்ல ருசி பிடித்துவிட்டது.

தை மாதம் ஒரு ஞாயிறு அந்தச் சித்தப்பாவே வந்துவிட்டார். தேத்தண்ணி கொடுத்தோம்.

"எங்கை அந்தத் தம்பி?"

"திரான்சிக்குப் போட்டான்," என்றார் அண்ணை.

"சுகமாயிருக்கிறானோ?"

"ஓம், ஓம். நல்ல சந்தோஷமாயிருக்கிறான்," என்றேன் நான்.

போர்வைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "நான் இஞ்சைதான் இருக்கிறன்."

ஐயோ! அண்ணையின் தேத்தண்ணி அவர் காற்சட்டையிலேயே ஊற்றுப்பட்டது. சித்தப்பா எழும்பிப் போர்வையை விலக்கினார். தாடியும் நாற்றமுமாகக் கிடந்தவனைக் குனிந்து பார்த்தார். கலியாணம் போச்சு என்று நினைத்தேன்.

"எத்தினை கிழமையா இப்பிடி?"

"ஏழெட்டு," என்றேன்.

"கார்ஜிலை என்ரை மச்சானும் போன மாரி இப்பிடித்தான் கிடந்தவன்," என்றார். "ஆக்கள் கேட்டால், அவன் லாச்சப்பலுக்குப் போட்டான் எண்டு சொன்னனாங்கள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கடைசியில் அவரும் சிரித்தார்.

மச்சானைப் பார்த்த டொக்டரிடமே அவனையும் கூட்டிப்போனார். விடுப்புக்காரன் நான் விடுவேனா, கூடவே போனேன். டொக்டர் குளிசை எழுதினார், வெளிச்சமுள்ள நேரத்தில் நடக்கச் சொன்னார். இருட்டுக் காலத்தில் பிரெஞ்சுக்காரருக்கும் இது வருமாம். சொந்த நாடு, சொந்தப் பாஷை, நல்ல வைன் எல்லாம் இருந்துமா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். வந்ததும் வராததுமாக யன்னல் மட்டையைக் கழற்றினோம். பங்குனியில் அவன் மெல்ல ஒரு பகிடி விட்டான். கலியாணமும் ஒப்பேறியது.

கனகாலம் கழித்து அவனை மெத்ரோவில் கண்டபோது கேட்டே விட்டேன்: "தங்கச்சியின்ரை கலியாணம் குழம்பும் எண்டு தெரிஞ்சும் ஏனடா அண்டைக்குக் குரல் குடுத்தனி?"

"கலியாணத்தை நான் நினைக்கவேயில்லை," என்றான். "நீங்கள் மூண்டு பேரும் கிழமைக்குக் கிழமை சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்திட்டுது. இருக்கிறனோ எண்டு பாக்கத்தான் கத்தினனான்."