தையல் அறையில் பிடித்த தாளம்

பகலில் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பான்; மாலையில் ராக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பான். குழுவின் முதல் ஆல்பம் அவன் அக்காவின் தையல் அறையில்தான் பதிவானது. சுவரோரம் அடுக்கிய துணிக்கட்டுகள் எதிரொலியை விழுங்கிக்கொண்டன. பதிவு நடக்கும்போதும் மூலையில் அக்கா தையல் மெஷினை மிதித்தபடிதான் இருப்பாள். அவள் கால் வேகம் பிடித்தால் அவன் கையும் பிடிக்கும். கேட்டவர்கள், "பாட்டு மூச்சு விடுது" என்றார்கள்.

பாராட்டு தலைக்கேறியது. இரண்டாவது ஆல்பத்துக்குப் பெரிய ஸ்டுடியோதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் அவனே. அங்கே கண்ணாடி அறைக்குள் கை தடுமாறியது. சவுண்ட் இன்ஜினியர் பிசகிய அடிகளைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக நகர்த்தி, "நேராக்கிடலாமா?" என்றார். தலையாட்டினான்.

ஆல்பம் வெளிவந்ததும் அக்காவுக்குப் போட்டுக் காட்டினான். அவள் தைத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு முழுதும் கேட்டாள்.

"சுத்தமா இருக்குடா. நீ ஏன் வாசிக்கல? உடம்பு சரியில்லையா?"

"நான்தான்க்கா வாசிச்சேன்."

"போடா, யார்கிட்ட கதை விடுற? நீ வாசிச்சா என் காலு சும்மா இருக்குமா?"

குனிந்து பார்த்தான். மிதிபலகையின்மேல் அவள் கால் அசையாமல் கிடந்தது. அடிகளை நேராக்கச் சொல்லித் தலையாட்டியது அவனேதான்.