மாப்பிள்ளை வீட்டு மண்

வடகர்நாடகத்தில் எங்கள் நவல்குந்து பக்கத்தில் பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளையின் வீட்டைப் பார்ப்பார்கள், எருமைகளைப் பார்ப்பார்கள். மண்ணைப் பார்க்க மட்டும் கல்லவ்வாவைக் கூட்டிப்போவார்கள்.

இடுப்பில் செருகிய களைக்கொத்தை எடுத்துக் கரிசலை ஒரு சாண் தோண்டுவாள். கட்டியை உடைத்து மோந்து பார்ப்பாள். நுனிநாக்கில் வைப்பாள். பிறகு குழியருகே குத்தவைத்துக்கொண்டு காத்திருப்பாள். எறும்போ பூரானோ புழுவோ ஏதாவது எட்டிப்பார்க்க வேண்டும்.

"வீட்டுக்காரங்க வெளிய வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்பாள்.

மண் பிடித்தால் அந்த வீட்டில் ரொட்டி தின்பாள். பிடிக்காவிட்டால் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவாள். சம்பந்தம் அதோடு சரி.

இந்தப் பழக்கம் அவள் கல்யாணத்தில் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அவள் அப்பாவிடம் பக்கத்து வயலைக் காட்டி எங்களுடையது என்று சொல்லிவிட்டார்கள். தாலி ஏறிய பிறகு புருஷனோடு போய்ப் பார்த்தால், உப்புப் பூத்து வெளுத்த களர். "என்ன இது, மாவு கொட்டின மாதிரி?" என்று கேட்டாளாம். "பனி" என்றானாம் அவன். பனி உருகட்டும் என்று மத்தியானம் வரை உட்கார்ந்திருந்த கதையைச் சொல்லிச் சிரிப்பாள். அவன் செத்த பிறகும் அந்தப் பனியை மட்டும் அவள் மன்னிக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் அவளுக்கு நடுங்கினார்கள். ஓர் ஊரில் ஏரி வண்டலை அள்ளிவந்து வயலில் பரப்பி வைத்திருந்தார்கள். ஒரு பிடி எடுத்தவள், "நத்தை ஓடு கெடக்கே. உங்க வயல்ல மீனும் புடிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

கடைசியில் அவளுடைய அண்ணன் அடிவெப்பாவின் மகள் திராட்சாயணிக்கே வரன் வந்தது. மாப்பிள்ளை சங்கமேஷ். இருவரும் ஒரே பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வந்தவர்கள். அவளுக்கு அவனைத் தவிர வேறு யாரும் வேண்டாம். இது அடிவெப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் பேச்சே கிடையாது. சங்கமேஷின் நிலமோ வாய்க்கால் தண்ணீர் தேங்கித் தேங்கிக் களராகிப் போயிருந்தது. அத்தை வெறும் தண்ணீரோடு எழுந்தால் திராட்சாயணியின் கதை முடிந்தது.

மண் பார்க்கப் போனவர்களில் நானும் ஒருவன். சங்கமேஷ் எங்களை வயலின் ஒரு மூலைக்கு நேராக அழைத்துப்போனான்.

"இங்க தோண்டுங்க அத்தை."

"இன்னும் அத்தை ஆகல. அக்கான்னே கூப்பிடு. ஏன் இங்க? புதையலா?"

தோண்டினாள். செக்கச்செவேலென்று ஒரு கை நிறைய மண்புழுக்கள், ஜடை பின்னியது போல ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு.

"பாத்தியா தங்கச்சி! மண்ணுன்னா இது!" என்றார் அடிவெப்பா.

கல்லவ்வா சங்கமேஷை நிமிர்ந்து பார்த்தாள். "தம்பி, இவங்க எப்போ குடிவந்தாங்க?"

"தாத்தா காலத்துலேர்ந்து இங்கதான்க்கா."

"அப்ப ஏன் கடைசி பஸ்ஸை விட்டவங்க மாதிரி ஒரே எடத்துல கூடி நிக்கறாங்க?"

சங்கமேஷின் காதுகள் புழுக்களின் நிறத்துக்கு வந்தன. வயல் புழு சாம்பல் நிறத்தில் இருக்கும். இவை எருக்குழிப் புழுக்கள். சுற்றுவட்டாரத்தில் அடிவெப்பா வீட்டுக் குழியில்தான் உண்டு. அந்தக் குழிக்குத் தினமும் சாணி கொட்டுகிறவள் திராட்சாயணி.

அடிவெப்பாவும் குனிந்தார். "நம்ம குழிப் புழு மாதிரி இருக்கே?"

"அதேதான்ணா."

"இங்க எப்படி வந்துச்சு?"

"நடந்து."

"இவ்வளவு தூரமா?"

"பின்ன? நீ பஸ் பாஸ் வாங்கிக் குடுத்தியா?"

அடிவெப்பா புழுவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கல்லவ்வா தள்ளிப்போய்த் தன் இஷ்டத்துக்கு இன்னொரு குழி தோண்டினாள். வெகுநேரம் காத்திருந்தாள். யாரும் வெளியே வரவில்லை. நாக்கில் வைத்தாள், துப்பினாள்.

வீட்டில் சங்கமேஷின் அம்மா தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்தார். கல்லவ்வா கடைசிச் சொட்டு வரை குடித்தாள். சங்கமேஷ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கதவும் அவனைப் பிடித்துக்கொண்டிருந்தது போலத்தான் இருந்தது.

"மண்ணு மோசம்ணா" என்றாள் கல்லவ்வா. "ஆனா பையனுக்குப் பொய் சொல்லவே வரல. எனக்கு வாச்சவன் ரொம்ப நல்லா சொன்னான்." பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்: "ஏம்மா, ரொட்டி சூடா இருக்கா?"

சோள ரொட்டியில் வேர்க்கடலைச் சட்னியைத் தொட்டுக்கொண்டே மாப்பிள்ளைக்கு உத்தரவு போட்டாள்.

"கல்யாணம் வரைக்கும் வயல்ல ஆட்டுக்கிடை போடு, புழுக்கை விழுந்து மண்ணு தேறட்டும். ஆடு மேய்க்கிற கீதாரிங்க கூட நீயும் அங்கேயே படு."

"சரிங்க அத்தை."

வாய் நிறைய ரொட்டி. அவள் திருத்தவில்லை.

கல்யாணத்தன்று அவனுக்கு மஞ்சளைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். அப்படியும் பந்தல் முழுக்க ஆட்டு நெடி. மந்திரம் சொன்ன ஐயா சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். திராட்சாயணி தள்ளி உட்காரவில்லை. முன்வரிசையில் கல்லவ்வா கண்ணை மூடிக்கொண்டு மூச்சை நன்றாக இழுத்து மோந்துகொண்டிருந்தாள்.